பாக்கெட்டில் இருக்கும் கியூஆர் கோடை யார் பார்க்கிறார்கள்?

கேள்வி (ஒரு வாசகர்): பிஸ்கட், மசாலாப் பொடி, எண்ணெய் என்று எதை எடுத்தாலும் மூலையில் ஒரு கியூஆர் கோடு இருக்கிறது. "மேலும் அறிய ஸ்கேன் செய்யவும்" என்கிறார்கள். கடையில் நின்று அதை ஸ்கேன் செய்து, படித்து, அதற்குப் பிறகு வாங்குகிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்களா? இல்லை, சும்மா அலங்காரமா?

4 மே 2025, இரவு 9.50

இல்லை. யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை, ஒரே ஒரு முறை தவிர.

அது போன மாதம். பாளையங்கோட்டையில் எங்கள் தெரு அண்ணாச்சி கடை. புதிதாக ஒரு சாம்பார் பொடி வந்திருந்தது. பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பார்களே, இதில் உண்டா என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். தங்கச்சி மகனுக்குக் கோதுமை ஆகாது. போனை எடுத்துப் பாக்கெட்டுக்கு நேராகப் பிடித்ததும் அண்ணாச்சி பதறிவிட்டார்: "தம்பி, அதுல ரூவா போட்டுறாதீய! நம்ம கோடு இங்க தொங்குது பாருங்க."

நம் ஊரில் கட்டம் கட்டமாக இருக்கிற கறுப்பு வெள்ளைச் சதுரத்துக்கு ஒரே அர்த்தம்தான். பணம்.

ஸ்கேன் செய்ததில் என்ன வந்தது என்று கேட்காதீர்கள். ஒரு நடிகை சாம்பாரைக் கிளறுகிற வீடியோ. அப்புறம் "உங்கள் கைபேசி எண்ணைப் பதிந்து பரிசு வெல்லுங்கள்". பெருங்காயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாக்கெட்டின் பின்பக்கம் திருப்பினேன், எறும்பு எழுத்தில் இருந்தது: கோதுமை உண்டு. பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிட்டேன்.

5 மே, காலை 7.15

நேற்று "யாரும் பார்ப்பதில்லை" என்று அடித்துச் சொன்னதற்கு இருவர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். ஒருவர் கேட்டிருக்கிறார், "ஒரு பாக்கெட்டைப் பார்த்துவிட்டு உலகத்துக்கே தீர்ப்பா?" நியாயம். ராத்திரியே சமையலறை அலமாரியைக் காலி செய்து உட்கார்ந்தேன். "இந்த நேரத்துல என்ன ஏல செய்யுத?" என்று அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மொத்தம் 31 பாக்கெட். கியூஆர் கோடு இருந்தவை 12. அதில் நான்கு, பரிசுப் போட்டி. மூன்று, கம்பெனியின் முகப்புப் பக்கத்துக்குப் போயின, அங்கிருந்து நாமே தேடிக்கொள்ள வேண்டும். இரண்டு, சமையல் வீடியோ. இரண்டு, "இந்தப் பக்கம் கிடைக்கவில்லை". ஒன்றே ஒன்றில் ஒழுங்காகச் சேர்மானப் பட்டியல், சத்து அட்டவணை, ஒவ்வாமை எச்சரிக்கை எல்லாம் இருந்தன. ஓட்ஸ் பாக்கெட். ஆங்கிலத்தில் மட்டும்.

சரி, கோடை விடுங்கள். 31 பாக்கெட்டின் பின்பக்கத்தையும் ஒரே மூச்சில் படித்ததில் வேறொன்று கிடைத்தது. அம்மா தினமும் டீக்குத் தொட்டுக்கொள்கிற பிஸ்கட். "ஒரு பரிமாறலுக்குச் சர்க்கரை 6 கிராம்" என்று இருந்தது. பரவாயில்லையே என்று நினைத்தேன். ஒரு பரிமாறல் என்றால் 4 பிஸ்கட், 25 கிராம். பக்கத்துப் பத்தியில் 100 கிராமுக்கு 24 கிராம். அதாவது பாக்கெட்டில் கால்வாசி சர்க்கரை. அம்மா எடுப்பது எட்டு. காலையில் எட்டு, சாயங்காலம் எட்டு. கணக்குப் போட்டால் 24 கிராம். உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறதே, அது பிஸ்கட்டிலேயே முடிந்துவிட்டது. எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி வேறு.

மிக்சர் பாக்கெட்டில் சோடியம் 800 மில்லிகிராம். முக்கால் கிராம் உப்புதான், அதிகமில்லை.

5 மே, மதியம் 1.30

மேலே எழுதிய கடைசி வரி தப்பு. சோடியம் வேறு, உப்பு வேறு என்று ஒருவர் காதைத் திருகியிருக்கிறார். சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால்தான் உப்பு. 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஒரு நாளுக்கு 5 கிராம் என்பது எல்லை. 100 கிராம் மிக்சர் பாக்கெட்டை டிவி முன்னால் ஒரே ஆளாக முடித்தால், சோறு, குழம்பு, ஊறுகாய் எதையும் தொடாமலே ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது.

பி.காம். படித்து இருபது வருஷமாகக் கணக்கு எழுதுகிறவன் நான். எனக்கே இந்தக் கதி.

7 மே, இரவு 10.20

"கியூஆர் கோடை ஏன் பிடித்துத் தொங்குகிறீர்கள், பார்கோடு இருக்கிறதே" என்று கேட்டவருக்கு.

உண்மை. கியூஆர் கோடு கம்பெனிக்காரர் வீட்டு வாசல். அவர் எதைக் காட்டுகிறாரோ அதைத்தான் பார்க்கலாம். பார்கோடு அப்படியில்லை. அதில் இருப்பது வெறும் எண். அந்த எண்ணுக்கு எதிரே யார் வேண்டுமானாலும் தகவல் எழுதி வைத்துக்கொள்ளலாம். பிரான்ஸில் 2012-இல் தொடங்கிய ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ் என்ற உணவுத் தகவல் தளம் இப்படித்தான் நடக்கிறது. விக்கிப்பீடியா மாதிரி, தன்னார்வலர்கள் பாக்கெட்டைப் படம் எடுத்து ஏற்றுகிறார்கள். 2017-இல் அங்கேயே யூகா என்ற செயலியும் வந்தது. பார்கோடைக் காட்டினால் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். 60 பங்கு சத்துக்கு, 30 பங்கு நிறமூட்டி, பதப்படுத்தி மாதிரியான சேர்க்கைப் பொருள்களுக்கு, 10 பங்கு இயற்கை விவசாயத்துக்கு. பள்ளிக்கூடத்து ரேங்க் அட்டை மாதிரி பச்சை, ஆரஞ்சு, சிவப்பு.

நம் ஊரிலும் அப்படிச் சில செயலிகள் இருக்கின்றன. நான் ஒன்றை இறக்கி (பெயர் வேண்டாம்) முறுக்குப் பாக்கெட்டைக் காட்டினேன். பாமாயில் என்றது. கையில் இருந்த பாக்கெட்டில் தவிட்டெண்ணெய் என்று போட்டிருந்தது. கம்பெனிக்காரர் எண்ணெயை மாற்றியிருக்கிறார், எண்ணை மாற்றவில்லை. செயலியில் இருந்தது பழைய கதை. ஒவ்வாமை இருக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் இதை நம்பி வாங்கவே கூடாது. கையில் இருக்கிற பாக்கெட் என்ன சொல்கிறதோ அதுதான் கடைசி வார்த்தை.

இன்னொரு சங்கதி. 890 என்று தொடங்குகிற பார்கோடு என்றால் இந்தியாவில் தயாரானது. அதை வைத்தும் தெரிந்துகொள்ளலாம்.

8 மே, காலை 6.40

890 விஷயத்திலும் தப்பு. இந்த இழையில் நான் போடுகிற ஒவ்வொரு குறிப்புக்கும் கடைசி வரி மட்டும் தப்பாக வருகிறது, என்ன ராசியோ. 890 என்றால் அந்த எண்ணை, உலகம் முழுக்கப் பார்கோடு எண் வழங்குகிற ஜிஎஸ்1 அமைப்பின் இந்தியக் கிளை வழங்கியது என்று அர்த்தம், அவ்வளவுதான். சரக்கு எங்கே தயாரானது என்பதை அது சொல்லாது. வாட்ஸப்பில் சுற்றுகிற "இந்த எண் இருந்தால் சீனப் பொருள், வாங்காதே" சமாச்சாரமும் இதே வகைதான். எத்தனை பேருக்கு நானே அனுப்பியிருக்கிறேன்.

யார் தயாரித்தது என்று பார்க்க நல்ல வழி, நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தருகிற உரிமத்தின் 14 இலக்க எண். ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் அதைத் தட்டினால் யாருடைய பெயரில் உரிமம், நடப்பில் இருக்கிறதா என்று வரும். இதற்குக் கோடும் வேண்டாம், கேமராவும் வேண்டாம்.

11 மே, ஞாயிறு, இரவு 8.30

இன்று ஒரு காரியம் செய்தேன். மனைவி மாதச் சாமான் வாங்க சூப்பர் மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். கூடப் போய், பிஸ்கட்டும் நூடுல்ஸும் அடுக்கியிருக்கிற வரிசையில் தள்ளுவண்டியோடு முக்கால் மணி நேரம் நின்றேன். சந்தேகத்தோடு இரண்டு முறை வந்து "என்ன சார் வேணும்?" என்று கேட்டார் கடைப் பையன்.

கியூஆர் கோடை ஸ்கேன் செய்தவர்: பூஜ்யம். நான் சொன்னது சரிதான் என்று சந்தோஷமாகத்தான் நின்றேன்.

ஆனால் போனை எடுக்காமல் இருந்தார்களா என்றால், இல்லை. அறுபது வயசு மதிக்கத்தக்க ஒரு பெரியவர் கண்ணாடி கொண்டு வரவில்லை போலிருக்கிறது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து, இரண்டு விரலால் விரித்து விரித்துப் பெரிதாக்கி, உதடு அசைய வாசித்தார். ஒரு அம்மா ரவை பாக்கெட்டைப் படம் எடுத்து மகளுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, பதில் வருகிறவரை அங்கேயே நின்றார். பதில் ஒலிச்செய்தியாக வந்தது, வரிசை முழுக்கக் கேட்டது: "அம்மா, அது வேண்டாம், பெரிய ரவை எடு." கல்லூரிப் பையன் ஒருவன் புரோட்டீன் பவுடர் டப்பாவைப் படம் எடுத்து ஏதோ ஒரு ஏஐ செயலியிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆக மே 4-ஆம் தேதி நான் எழுதியதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். ஜனங்கள் தகவல் தேடுகிறார்கள், போனில்தான் தேடுகிறார்கள். கம்பெனி வைத்த கதவைத் தட்டுவதில்லை. அச்சடித்த லேபிளையே படம் எடுத்து டிஜிட்டல் லேபிளாக மாற்றிக்கொள்கிறார்கள்.

நான் நின்ற இடம் தரைத்தளத்துக்கும் கீழே. சிக்னல் ஒரு கோடுதான். ஓட்ஸ் பாக்கெட்டை அங்கே வைத்து ஸ்கேன் செய்து பார்த்தேன். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மனைவி பில் போட்டு முடித்துவிட்டாள்.

13 மே, இரவு 11.00

இன்றைக்கு எழுதப்போவது முந்தைய எல்லாவற்றையும் கொஞ்சம் கலைக்கும்.

என்னோடு முன்பு ஒரே அலுவலகத்தில் இருந்த நண்பர் ஒருவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர். இந்த இழையை டாக்பேக்கில் (திரையில் இருக்கிற எழுத்தைப் போனே வாசித்துக் காட்டுகிற வசதி) முழுக்கக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். "அலங்காரம்னு எழுதுறீங்களே, அது யாருக்காக வந்ததுன்னு தெரியுமா?"

எனக்குத் தெரியாது. 2023 அக்டோபரில் எஃப்எஸ்எஸ்ஏஐ ஒரு பரிந்துரை வெளியிட்டது. பார்வையற்றவர்களும் தெரிந்துகொள்ள வசதியாக, பாக்கெட்டில் கியூஆர் கோடு வைத்து, அதற்குள் பொருளின் பெயர், எத்தனை நாள் கெடாமல் இருக்கும், சேர்மானம், சத்து விவரம், தொடர்பு எண் எல்லாம் கொடுங்கள் என்று. அச்சில் இருக்க வேண்டியது அச்சிலும் இருந்தே ஆக வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறது. கட்டாயமில்லை, பரிந்துரைதான்.

மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். மேஜையில் ஒரு சேமியா பாக்கெட். "கோடு எங்க இருக்கு?" என்றார். அப்போதுதான் உறைத்தது. கோடு இருக்கிற இடம் தெரிய, கண் தெரிய வேண்டும்!

இடது கையில் பாக்கெட், வலது கையில் போன். ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு பாக்கெட்டை மெதுவாகத் திருப்புகிறார். முன்பக்கம், இல்லை. கவிழ்க்கிறார், பின்பக்கம், இல்லை. கோடு ஒட்டு மடிப்பின் மேல் இருந்தது, மடிப்பு சுருங்கிக் கிடந்தது. கட்டை விரலால் பக்கவாட்டை இழுத்துத் தட்டையாக்கிக்கொண்டு மறுபடி. இந்த முறை தவறுதலாகப் பார்கோடு முன்னால் வந்தது, போன் வேறு எதையோ திறந்தது. மறுபடி. நான் உதவப் போனபோது, "இருங்க, எவ்வளவு நேரம் ஆகுதுன்னு நீங்க பாக்கணும்" என்றார். நான்கு நிமிஷம். திறந்த பக்கத்தில் சேர்மானப் பட்டியல் ஒரு படமாக இருந்தது. எழுத்தாக இல்லை, படம். டாக்பேக் "இமேஜ்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேவிலென்ஸ் என்ற ஸ்பெயின் நாட்டுக் கோடு ஒன்றைப் பற்றியும் அவர்தான் சொன்னார். வண்ண வண்ணக் கட்டங்கள். சில மீட்டர் தள்ளி நின்றாலும் போன் பிடித்துக்கொள்ளும், சரியாகக் குறி வைக்க வேண்டியதில்லை. கெல்லாக்ஸ் 2020-இல் பிரிட்டனில் ஒரு தானிய உணவுப் பெட்டியில் வைத்துச் சோதித்துப் பார்த்தது, பிறகு மற்றப் பெட்டிகளுக்கும் கொண்டு போனது. நம் பாக்கெட்டுகளுக்கு அவ்வளவுகூட வேண்டாம், கோடு இருக்கிற இடத்தில் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி ஒரு புள்ளி மேடாக இருந்தால் போதும் என்கிறார்.

14 மே, காலை 8.00

சின்ன விஷயம், நண்பர் பேச்சில் வந்தது. அசைவக் குறி முன்பு பழுப்பு வட்டம், இப்போது பழுப்பு முக்கோணம், கவனித்தீர்களா? நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்குப் பச்சை வட்டமும் பழுப்பு வட்டமும் ஒன்று போலத் தெரியும். 2020 லேபிள் விதிகளில் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். போனும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். இந்த இழையில் நான் பாராட்டுகிற ஒரே வடிவமைப்பு இதுதான்.

18 மே, ஞாயிறு, மதியம் 3.15

நியூஜெர்சியில் இருக்கிற என் சித்தி மகள் இதைப் படித்துவிட்டு அங்கத்துக் கதையைச் சொன்னாள். அமெரிக்காவில் 2016-இல் சட்டம் போட்டு, மரபணு மாற்றிய சரக்கு சேர்ந்திருந்தால் பாக்கெட்டில் தெரிவிக்க வேண்டும் என்றார்கள். எழுத்தாகவோ, முத்திரையாகவோ, அல்லது ஸ்கேன் செய்கிற கோடாகவோ. கோடு மட்டும் போதுமா என்று பார்க்க வேளாண் துறையே ஆய்வு நடத்தியது. நிறையப் பேர் கடையில் ஸ்கேன் செய்யத் திணறினார்கள் என்று அதில் தெரிந்தது. அப்படியிருந்தும் விதியில் கோடு மட்டும் போதும் என்று விட்டுவிட்டார்கள். வழக்கு போட்டார்கள். 2022 செப்டம்பரில் கலிபோர்னியாவில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் அது சட்டத்துக்கு முரண் என்றது.

இதைக் கேட்டதும் நம் பக்கம் யோசித்தேன். மறைக்க நினைக்கிறவனுக்குக் கோடு வசதி, "உள்ளே போட்டிருக்கிறோமே" என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கோட்டுக்கு ஒரு நிஜமான லாபமும் உண்டு. இடம். அரை அடி பாக்கெட்டில் எதையும் பெரிதாக எழுத முடியாது, ஒத்துக்கொள்கிறேன். கோட்டுக்குள் இடத்துக்கு என்ன பஞ்சம்?

நம் லேபிள் விதிப்படி கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். மற்ற மொழி வேண்டுமானால் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். அதனால்தான் பாக்கெட்டின் முன்பக்கம் "பாட்டி கைமணம்" என்று கொட்டை எழுத்துத் தமிழ், பின்பக்கம் சேர்மானம் ஆங்கிலம். விற்பதற்குத் தமிழ் வேண்டியிருக்கிறது. தமிழில் போட இடமில்லை என்ற சாக்கு இத்தனை நாள் ஓடியது. இப்போது கோடு வந்த பிறகு அந்தச் சாக்கு எங்கே போயிற்று? என் வீட்டு 12 கோட்டில் ஒன்றில்கூடத் தமிழில் சேர்மானம் இல்லை. பரிசுப் போட்டி மட்டும் தமிழில் இருந்தது.

அம்மா எட்டாம் வகுப்பு. தமிழ் தினசரியை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வாசிப்பாள். அவள் பிஸ்கட் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, கேமராவும் இன்டர்நெட்டும் இருந்தும், இன்னமும் நான்தான் வேண்டியிருக்கிறது.

18 மே, மாலை 6.00

"தமிழில் போட்டால் மட்டும் படித்துவிடுவார்களா" என்று ஒருவர். தெரியாது, ஐயா. போட்டுப் பார்த்தால்தானே தெரியும்.

20 மே, இரவு 9.10

சும்மா ஒரு தகவல், யாரோ கேட்டதற்கு. கியூஆர் கோடை வைத்துக் காலாவதி தேதி பார்க்க முடியுமா என்றால், இப்போது பாக்கெட்டில் இருக்கிற பெரும்பாலான கோடில் முடியாது. முன்கூட்டியே அச்சடித்த உறையில் எல்லாப் பாக்கெட்டுக்கும் ஒரே கோடு. தேதியை மட்டும் தனியாக முத்திரை குத்துகிறார்கள், அதுவும் துடைத்தால் போய்விடுகிற மையில். தொகுதி (பேட்ச்) எண், தேதி எல்லாம் அடங்கிய, கியூஆர் மாதிரியான இருபரிமாணக் கோடு வருகிறது. 2027 முடிவதற்குள் உலகம் முழுக்கக் கடை ஸ்கேனர்கள் அதைப் படிக்கத் தயாராக வேண்டும் என்று ஜிஎஸ்1 இலக்கு வைத்திருக்கிறது. அது வந்தால் காலாவதியான பாக்கெட்டை பில் போடுகிற இயந்திரமே தடுத்துவிடலாம். எங்கள் அண்ணாச்சி கடையில் இயந்திரம் கிடையாது. அவர் அட்டையில் பால்பாயின்ட் பேனாவால் கூட்டுகிறார், நம்மைவிட வேகமாக.

25 மே, ஞாயிறு, இரவு 9.00

பிஸ்கட் கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டிருந்தேன், கோட்டுக்குள்ளாவது தமிழில் சேர்மானம் கொடுங்கள் என்று. பதில் வந்தது: "எங்கள் தயாரிப்பின் மீதான தங்கள் அன்புக்கு நன்றி." கூடவே ஒரு கூப்பன்.

சரி, அதை நம்பி என்ன ஆகப்போகிறது என்று இன்று மதியம் அம்மா போனில் கூகுள் லென்ஸைக் காட்டிக் கொடுத்தேன். பாக்கெட்டின் மேல் பிடித்தால் ஆங்கிலம் இருந்த இடத்தில் தமிழ் எழுத்து வந்து உட்காருகிறது. கை நடுங்கும்போது எழுத்தும் நடுங்குகிறது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகக் கூட்டி வாசித்தாள். சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு. "மைதான்னு சொல்ல வேண்டியதுதானே." சர்க்கரை. பாமாயில். பால் திடப்பொருள்கள். அப்புறம், "உயர்த்தும் முகவர்கள், 503, 500".

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "முகவர்னா எல்ஐசி ஏஜென்டுல்லா? அவன் எதுக்கு பிஸ்கட்டுக்குள்ள வந்தான்?"

மாவு பொங்குவதற்குப் போடுகிற உப்பும்மா, நம் சோடா உப்பு மாதிரி என்று சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தாள். போனை மறுபடி பாக்கெட்டின் மேல் பிடித்தாள், இம்முறை சத்து அட்டவணைக்கு நேராக. சர்க்கரை வரியில் விரலை வைத்து, 24-ஐ ஒருமுறை வாசித்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் டீயோடு நாலு பிஸ்கட் எடுத்தாள். டப்பாவை மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறக்கிற சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்க்கவில்லை.